அந்த ஆறு சென்டிமீட்டர்

படிப்பின் கடைசிப் பருவத்தில் குறும்படம் எடுக்க எங்கள் கையில் முதல் தடவையாக ஒரு சினிமா கேமரா கொடுத்தார்கள். அதுவரை நான் எடுத்ததெல்லாம் போனில்தான். போனைத் தூக்கிப் பிடித்தால் போதும். முகம் எங்கே இருக்கிறது என்று அதுவே தேடிக்கொள்ளும், வெளிச்சம் குறைந்தால் கூட்டிக்கொள்ளும், பல்பின் மஞ்சளையும் ஓரளவு சரிசெய்துவிடும். சினிமா கேமரா அப்படி இல்லை. நாங்கள் எடுத்த விதத்தில், ஒவ்வொன்றையும் நாமே சொன்னால்தான் செய்யும்.

எங்கள் கதை ஒரே அறையில் நடப்பது. வீட்டைவிட்டுப் புறப்படும் மகள், எதுவும் பேசாத அப்பா. 8 நிமிடம். முதல் ஷாட்டிலேயே ஒரு கேள்வி வந்து நின்றது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5600 கெல்வின், மேஜை விளக்கு 3200. கேமராவை எதற்கு வைப்பது? 3200க்கு வைத்தால் விளக்கு வெள்ளையாகத் தெரியும், ஜன்னல் நீலமாகிவிடும். 5600க்கு வைத்தால் ஜன்னல் இயல்பாக இருக்கும், விளக்கு ஆரஞ்சாகும். எது சரி என்று மெனு சொல்லாது. மகள் போகப்போவது ஜன்னல் பக்கம், அப்பா உட்கார்ந்திருப்பது விளக்கின் பக்கம். அவர் பக்கம் கதகதப்பாக இருக்கட்டும் என்று 5600க்கு வைத்தோம். ஒரு எண்ணை மாற்றுவதற்குக் கதையிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது எனக்குப் புதிது. அந்த வேலை இன்றைக்கும் எனக்குப் பிடித்திருக்கிறது.

உபகரணங்களோடு ஒரு லைட்மேன் அண்ணனும் வந்திருந்தார். விளக்கை ஏற்றுவதற்கு முன்னால் ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டையை வைத்தார். அவசரத்தில் நாங்கள் ஒரு ஸ்டாண்டுக்கு வைக்காமல் விட்டதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது விழுந்தா லைட்டு போகும்னு மட்டும் நினைக்காதீங்க. கீழ ஒருத்தர் நிப்பார்ல?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அப்புறம் யாரும் மறக்கவில்லை.

முக்கியமான ஷாட் அப்பாவின் குளோசப். மகளின் பெட்டியின் ஜிப்பை அவர் இழுத்து மூட வேண்டும். பாதியில் கை நிற்க வேண்டும், மறுபடி இழுக்க வேண்டும். அவ்வளவுதான் ஷாட். 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு, அபெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, 1.5 வரை திறந்தோம். இந்த எண் சிறிதானால் துளை பெரிது. பின்னால் இருந்த சுவரும் அலமாரியும் கரைந்து போயின. மானிட்டரில் அதைப் பார்த்ததும் எல்லோர் முகத்திலும் ஒரு மலர்ச்சி. பார்த்துப் பார்த்து ஏங்கிய படம் அது.

கேமராவின் உடம்பில் ஒரு சின்ன வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் இருக்கும். படம் பதியும் சென்சார் இருக்கும் இடம் அதுதான். ஃபோகஸ் பார்த்த நண்பன் அங்கிருந்து டேப்பைப் பிடித்து நடிகரின் கண் வரைக்கும் அளந்தான். ஒன்றரை மீட்டர். அந்த லென்ஸில், அந்தத் திறப்பில், அந்தத் தூரத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் 6, 7 சென்டிமீட்டர்தான். ஒரு கட்டைவிரல் நீளம். அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாம் மங்கல்.

"ஒரு தடவை ரிகர்சல் பாத்துக்கலாமா?" என்று அவன் கேட்டான். நான் வேண்டாம் என்றேன். நடிகர் மேடை நாடகத்தில் பல வருடம் இருந்தவர். அவர் மனதில் சேர்த்து வைத்திருந்ததை ரிகர்சலில் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, பூம் மைக்கைத் தலைக்கு மேலே கொண்டுவந்தோம். கிளாப் அடித்தது. அவர் குனிந்து ஜிப்பை இழுத்தார். பாதியில் கை நின்றது. உள்ளே இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. நாங்களும் மூச்சு விடவில்லை. அப்புறம் மெல்ல, உடைந்து உடைந்து வந்தது அந்த மூச்சு. "கட்" சொல்லவே எனக்கு நேரம் பிடித்தது. சின்ன மானிட்டரில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஓகே சொல்லிவிட்டேன்.

மாலையில் கார்டை இரண்டு டிரைவில் காப்பி செய்துவிட்டுப் பெரிய திரையில் போட்டோம். அவருடைய சட்டைக் காலரின் பின்பக்கத் தையல் தெரிந்தது. நூலை எண்ணலாம் போல அவ்வளவு கூர்மை. கண்கள் பனிக்குள் இருந்தன. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தபோது அளந்த தூரம் அது. ஜிப்பை இழுக்கக் குனிந்ததில் முகம் ஒரு சாண் முன்னால் வந்துவிட்டது. நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கேட்டதும் நான் மறுத்ததும் எங்கள் இருவருக்கும் ஞாபகம் இருந்தது. மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். நடிகரிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "சரிப்பா, இன்னொரு தடவ பண்ணிடுவோம்" என்றார்.

இரண்டாவது தடவை அபெர்ச்சரை 4க்குக் குறைத்தோம். கூர்மையான ஆழம் 18 சென்டிமீட்டர் அளவுக்கு வந்தது. ஆனால் வெளிச்சம் ஏறக்குறைய 7 மடங்கு வேண்டும். லைட்மேன் அண்ணன் விளக்கை முன்பிருந்த தூரத்தில் பாதிக்குக் கொண்டுவந்தார். தூரம் பாதியானால் வெளிச்சம் 4 மடங்கு. மீதிக்கு ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, இரு மடங்காக்கினோம். நடிகரை நிதானமாகக் குனிய வைத்து, நிமிர்ந்த இடம் ஒன்று, குனிந்த இடம் ஒன்று என்று அளந்து, ஃபோகஸ் சக்கரத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டான் நண்பன். 5 டேக். ஐந்திலும் கண்கள் கண்ணாடி போலத் தெளிவு.

ஆனால் அந்த மூச்சு வரவில்லை. அவர் முயன்றார். முகம் சரியாக இருந்தது, கை சரியாக நின்றது. மூச்சு மட்டும் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்க முடியாது என்று எனக்கும் புரிந்தது.

எடிட்டிங்கில் மூன்று நாள் அந்த ஒரு இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தோம். ஒலியைத் தனி ரெக்கார்டரில் பதிவு செய்திருந்தோம். மைக் பிடித்த தோழிதான் முதல் நாள் ஒலியைத் தேடி எடுத்து வைத்தாள். அந்த ஷாட்டில் வசனம் இல்லை, உதடு பொருந்த வேண்டிய கவலையும் இல்லை. ஜிப் நிற்கும் இடத்தை இரண்டிலும் ஒன்றாக்கி, அங்கிருந்து முதல் நாள் மூச்சை இரண்டாம் நாள் முகத்தின் மேல் போட்டாள். இடைவெளியில் ஒலி வெட்டுப்படாமல் இருக்க, ஷூட்டிங் முடிவில் எல்லோரும் அசையாமல் நின்று 30 விநாடி பதிவு செய்த வெற்று அறையின் சத்தம் கைகொடுத்தது. அன்றைக்கு அதை எதற்கு எடுக்கிறோம் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

திரையிடலில் நடிகர் என் பக்கத்து இருக்கையில் இருந்தார். அந்த ஷாட் முடிந்ததும் என் கையைத் தொட்டு, "ரெண்டாவது தடவையும் அப்படியா மூச்சு விட்டேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல சார். அது முதல் நாளு" என்றேன்.

அவர் திரும்பித் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.