ஏவ்பரி கல்வட்டத்தில் மேபன் திருநாள்

லண்டனிலிருந்து ஸ்விண்டன் வரை ரயில், அங்கிருந்து 49-ஆம் எண் பஸ். ஏவ்பரியில் இறங்கியதுமே சாலையோரம் கற்கள் ஆளுயரத்துக்கும் மேலாக எழுந்து நிற்கின்றன. கற்கால மனிதர் நட்ட கல்வட்டங்களில் உலகிலேயே பெரியது இது. கிராமத்தின் ஒரு பகுதியே அதற்குள் அடங்கியிருக்கிறது. வேலி இல்லை, டிக்கெட் இல்லை. கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். புகழ்பெற்ற இன்னொரு கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சைவிட எனக்கு இதுவே நெருக்கமான இடம்.

செப்டம்பர் 22 அல்லது 23 அன்று பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகின்றன. இயற்கையைப் போற்றும் நவீன பேகன் சமயமான விக்கா நெறியினரின் எட்டுத் திருநாள்களில் ஒன்றான மேபன் அப்போதுதான் வருகிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் தானிய அறுவடை, இப்போது கனிகள், அக்டோபர் கடைசியில் நீத்தாரின் திருநாள் என்று மூன்று அறுவடைகளை அவர்கள் கொண்டாடுகிறார்கள்.

நான் போனபோது ஒரு சிறு குழுவினர் என்னையும் வட்டத்துக்குள் அழைத்துக்கொண்டார்கள். புல்லில் விரித்த துணியில் ஆப்பிள், கருநிற பிளாக்பெர்ரி, ரொட்டி, கோதுமைக் கதிர், ஒரு குவளை சைடர் என்னும் ஆப்பிள் மது. வழிநடத்திய பெண்மணி கோலால் வட்டம் வரைந்து, கிழக்கில் காற்றையும் தெற்கில் நெருப்பையும் மேற்கில் நீரையும் வடக்கில் மண்ணையும் அழைத்தார். பிறகு ஓர் ஆப்பிளைக் குறுக்காக அறுத்துக் காட்டினார். வெள்ளைச் சதையின் நடுவே, விதையறைகள் ஐந்தும் சேர்ந்து அச்சு அசலான நட்சத்திரம்! எத்தனையோ ஆப்பிள் தின்றிருக்கிறேன், நெடுக்காக மட்டுமே அறுத்திருக்கிறேன்.

இந்த ஆண்டு கிடைத்ததில் ஒன்றுக்கு நன்றி, விட்டுவிட வேண்டியதில் ஒன்றின் பெயர்: ஒவ்வொருவரும் இரண்டையும் சொல்ல வேண்டும். ஒரு முதியவர் மனைவியின் தோட்டத்துக்கு நன்றி சொன்னார். விடவேண்டியதைச் சொல்ல அவரால் முடியவில்லை. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. சைடரின் முதல் பங்கு மண்ணுக்குப் போயிற்று.

விக்கா நெறியை ஆங்கிலேயரான ஜெரால்ட் கார்ட்னர் வெளியுலகுக்குக் கொண்டுவந்தது 1950-களில்தான். மேபன் என்ற பெயரை அமெரிக்கரான ஏடன் கெல்லி சூட்டியது 1970-களில். நேற்று முளைத்த சடங்கு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கற்களை நட்டவர்கள் என்ன பாடினார்கள் என்பது எவருக்கும் தெரியாது. விளைச்சலுக்கு நன்றி சொல்ல இன்று மனம் கூடி நிற்பவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே கட்டிக்கொள்வதில் என்ன குறை?

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கல்லின் மேல் மெழுகுவத்தி ஏற்றாதீர்கள். வெப்பமும் மெழுகும் கல்லையும் அதில் படர்ந்திருக்கும் கற்பாசியையும் கெடுத்துவிடும். அந்தக் குழுவினர் சுடரைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்திருந்தார்கள். புறப்படும்போது நூல்துண்டு வரை பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள்.