ஜூலை 1-க்கு முன்

ஜூன் 10, 2025, செவ்வாய்

அப்பா இரவெல்லாம் இருமினார். காலையில் இடியாப்பத்தைத் தொடவில்லை. மடிக்கணினியில் மின்-விலைப்பட்டியல் வேலை: எக்ஸ்எம்எல் கோப்பை, அதாவது பெயரிட்ட உறுப்புகளாக அடுக்கிய தரவை, எக்ஸ்எஸ்எல்டி என்ற மொழியில் வேறு வடிவுக்கு மாற்றுவது. திறந்தால் விலைப்பட்டியல் ஒரே கூழாகக் கிடக்கிறது. வாடிக்கையாளர் பெயர், முகவரி, தேதி, தொகை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை.

ஜூன் 11

பெயர்வெளிதான், ஓர் உறுப்பின் பெயர் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் முகவரி. நினைத்தேன்.

மலேசிய வருமான வரி வாரியம் கேட்பது யூபிஎல் 2.1 என்ற, வணிக ஆவணங்களுக்கான எக்ஸ்எம்எல் வடிவம். அதில் மற்றவற்றையெல்லாம் உள்ளடக்கும் மூல உறுப்பே முன்னொட்டு இல்லாத ஒரு பெயர்வெளிக்குள் இருக்கிறது. வேலையை விட்டுப் போனவர் எழுதி வைத்த ஸ்டைல்ஷீட்டில் (மாற்றும் விதிகள் உள்ள கோப்பில்) வெறும் ‘இன்வாய்ஸ்’ என்று இருக்கிறது. உறுப்புகளைத் தேடும் பாதை மொழியான எக்ஸ்பாத் 1.0 அதை ‘எந்தப் பெயர்வெளியையும் சேராத இன்வாய்ஸ்’ என்றே படிக்கும். அப்படி ஓர் உறுப்பு ஆவணத்தில் கிடையாது. ஆகவே அவர் எழுதிய டெம்ப்ளேட்டுகள் சும்மா கிடக்க, மொழியோடு பிறந்த இயல்பு விதிகள் உள்ளே இருக்கும் எழுத்தையெல்லாம் கொட்டிவிடுகின்றன.

ஸ்டைல்ஷீட்டில் அதே பெயர்வெளி முகவரிக்கு ஒரு முன்னொட்டு கொடுத்து, பாதைகள் எல்லாவற்றிலும் அதைச் சேர்த்தேன். முன்னொட்டு எதுவாகவும் இருக்கலாம். முகவரிதான் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் நேற்று மாலையே மருத்துவமனைக்குப் போயிருப்பேன். வாய் திறக்காத கருவியைப் போல எரிச்சல் மூட்டுவது வேறில்லை.

ஜூன் 12

அப்பாவின் பரிசோதனை ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 14, சனி

பினாங்கின் பாலிக் பூலாவிலிருந்து மாமா டுரியான் கொண்டுவந்தார். அப்பாவுக்குக் கொடுக்கக் கூடாது என்று அம்மா பின்கட்டில் வைத்தே பிளக்கச் சொன்னார். மணம் சுவர் ஏறி உள்ளே வராதா என்ன? “சீசன் தொடங்கிவிட்டதா?” என்று படுத்தபடியே கேட்டார் அப்பா. யாரும் பதில் சொல்லவில்லை.

பொருள் பட்டியலில் வரிசை எண் 2, 4, 6 என்று இரட்டைப்படையாகவே வருகிறது. உறுப்புகளுக்கு நடுவில் இருக்கும் வரி முறிப்பும் இடைவெளியும்கூட எழுத்துக் கணுக்கள்தாம், ஆவணத்தின் தனித்தனித் துண்டுகள். டெம்ப்ளேட்டுகளை ஓட்டும் அப்ளை-டெம்ப்ளேட்ஸ் கட்டளையில் எதைத் தேர்வது என்று சொல்லாவிட்டால் அவையும் வரிசையில் நின்று எண் வாங்கிக்கொள்ளும். மேலே, வெற்றிடத்தை நீக்கும் ஸ்ட்ரிப்-ஸ்பேஸ் கட்டளை ஒன்று போட்டதும் 1, 2, 3 என்று வந்தது.

ஜூன் 16

செவிலியர், “இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது” என்றார். போன வாரமும் அதுதான்.

ஜூன் 17

இன்று முழுவதும் வரி வகைவாரியாகக் கூட்டுவதிலேயே போயிற்று. 01 விற்பனை வரி, 02 சேவை வரி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூட்டுத்தொகை வேண்டும். எக்ஸ்எஸ்எல்டியின் 2007-இல் வந்த 2.0 பதிப்பில் இதற்கென்றே ஃபார்-ஈச்-குரூப் என்ற குழுவாக்கும் கட்டளை இருக்கிறது. எங்கள் சேவையகத்துச் செயலிக்கோ 1999-ஆம் ஆண்டு 1.0-ஐத் தாண்டி எதுவும் தெரியாது. மாற்றுங்கள் என்றால் “ஜூலைக்குப் பிறகு” என்கிறார் மேலாளர். 5 மில்லியன் முதல் 25 மில்லியன் ரிங்கிட் வரை ஆண்டு விற்பனை உள்ளவர்களுக்கு மின்-விலைப்பட்டியலுக்கான கெடுவே ஜூலை 1!

ஆகவே ஆரக்கிளில் இருந்த ஸ்டீவ் மூன்ச்சின் வழி. வரி வகையைக் கொண்டு ஒரு சாவி, அதாவது கணுக்களைத் தேடித் தரும் அட்டவணை, செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொரு பொருள் கணுவிடமும், ‘உன் வகையில் சாவி தரும் முதல் கணு நீதானா?’ என்று கணுவின் தனி அடையாளமான ஜெனரேட்-ஐடியை ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். ஆம் என்பது மட்டும் குழுவின் தலைவன். மற்றவை அதன் பின்னால் வரும். சுற்றி வளைத்த வழிதான், ஆனால் அழகு. ஃபார்-ஈச் மட்டும் எழுதப் பழகியவருக்கு முதலில் தலை சுற்றும்.

ஒரு கோப்பில் பல விலைப்பட்டியல்கள் இருக்கும்போது முதலாவது மட்டும் சரியாக வந்து மற்றவை காணாமல் போயின. சாவி முழு ஆவணத்துக்கும் பொது. விலைப்பட்டியல் எண்ணையும் வரி வகையையும் நடுவில் ஒரு கோடு போட்டு இணைத்துச் சாவியாக்கினால் தீர்ந்தது.

ஜூன் 19

கடைப் பெயரில் ‘அண்ட்’ (&) குறி. எழுத்துச் சரத்தை அப்படியே ஒட்டி எக்ஸ்எம்எல் தயாரிக்கும் புண்ணியவான் யாரோ அதை அதற்குரிய மாற்றுக் குறியீடாக எழுதவில்லை. கோப்பே திறக்கவில்லை. இதுவாவது சத்தம் போடுகிறதே! நம்மவர் பெயர்களில் ‘ஏ/எல்’ (மலாயில் ‘இன்னாரின் மகன்’) என்று வரும் சாய்கோடு எழுத்துக்குள் இருக்கும்வரை ஒரு தொல்லையும் செய்யாது. பாதையில்தான் அதற்கு அதிகாரம்.

மருத்துவமனை கட்டிவிட்ட அப்பாவின் பெயர்ப் பட்டையிலும் அந்தச் சாய்கோடு. மணிக்கட்டு இளைத்து, பட்டை முழங்கை வரை நழுவுகிறது.

ஜூன் 20

கஞ்சி இரண்டு கரண்டி.

ஜூன் 23, திங்கள்

சென் (ரிங்கிட்டில் நூறில் ஒன்று) கணக்கு உதைக்கிறது. 1.0-வில் எண் என்றால் தசமங்களைத் தோராயமாகவே வைக்கும் மிதவைப் புள்ளிதான்; 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.3-க்குப் பின்னால் ஒரு வால் நீள்கிறது. மாறியில் கூட்டிக்கொண்டே போகலாம் என்றால் இங்கே மாறி மாறாது. ஒருமுறை மதிப்பு வைத்தால் வைத்ததுதான். விலையையும் எண்ணிக்கையையும் பெருக்கிக் கூட்ட, தன்னையே அழைக்கும் டெம்ப்ளேட் ஒன்று எழுதி, ஒவ்வொரு பொருளின் தொகையையும் சென்னாக்கி முழு எண்ணாகத் திருத்திக் கூட்டிக் கடைசியில் நூறால் வகுத்தேன். கணக்கர் அக்காவின் தாளோடு ஒத்துப்போகிறது.

ஜூன் 24

ரிப்போர்ட் வந்துவிட்டதாம். தொலைபேசியில் சொல்ல மாட்டார்களாம். பிள்ளைகள் இருவரும் வியாழன் காலை 9 மணிக்கு வர வேண்டுமாம். தம்பி கோலாலம்பூரிலிருந்து நாளை இரவு பஸ்ஸில் கிளம்புகிறான்.

ஜூன் 25

வரி வாரியத்தின் சோதனைத் தளத்தில் ஏற்றினேன். ஏற்றுக்கொண்டது. கடன் குறிப்புகளுக்கு (விலைப்பட்டியல் தொகையைக் குறைக்கும் ஆவணங்களுக்கு) மூல உறுப்பின் பெயர் வேறு என்று நினைத்திருந்தேன். இங்கே அதுவும் ‘இன்வாய்ஸ்’தான், வகைக் குறியீடு மட்டும் மாறுகிறது. நாளை மருத்துவமனையிலிருந்து வந்ததும் அதைப் பார்க்க வேண்டும்.