லயத்துக்கு ஒன்று, குருவிக்கு ஒன்று: என்னிடமுள்ள இரண்டு சிறிய கமராக்கள்

என் மேசை இழுப்பறையில் இரண்டு சிறிய கமராக்கள் இருக்கின்றன. ஒன்று, 2014ஆம் ஆண்டு வெளிவந்த சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3. கொழும்பில் ஒருவர் பாவித்துவிட்டு விற்றதை வாங்கினேன். மற்றையது, 2018ஆம் ஆண்டு வெளிவந்த கெனன் பவர்ஷொட் எஸ்எக்ஸ்740 எச்எஸ்; கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த மச்சான் கொண்டுவந்து தந்தது. சோனியின் நிறை 290 கிராம், கெனனின் நிறை 299 கிராம். இரண்டுமே குளிர்ச்சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். இரண்டின் பெட்டியிலும் 20 மெகாபிக்சல் என்றுதான் போட்டிருக்கிறது. ஆகவே ஆசிரியர் அறையில் இவற்றைப் பார்ப்பவர்கள் எல்லோரும், “இதில் எது நல்லது?” என்று கேட்கிறார்கள். தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் இரண்டு ஆண்டுகள் இவற்றை மாறி மாறிச் சுமந்த பிறகும் அந்தக் கேள்விக்கு என்னால் ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. எதை எடுக்கப் போகிறீர்கள், எந்த நேரத்தில், எவ்வளவு தூரத்தில் நின்று என்று திருப்பிக் கேட்கவே வேண்டியிருக்கிறது.

மெகாபிக்சல் எண்ணை முதலில் மறந்துவிடுவது நல்லது. அந்த 20 மெகாபிக்சல்கள் எவ்வளவு பெரிய பரப்பில் விரிக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் முக்கியம். சோனியின் சென்சர், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, 13.2 மில்லிமீற்றர் நீளமும் 8.8 மில்லிமீற்றர் அகலமும் உடையது. இதை “ஒரு அங்குல” சென்சர் என்று விற்கிறார்கள். ஆனால் அதன் எந்தப் பக்கத்தை அளந்தாலும், மூலைக்கு மூலை அளந்தாலும்கூட, ஒரு அங்குலம் வராது. பழைய தொலைக்காட்சிக் கமராக்களின் கண்ணாடிக் குழாய் விட்டத்தைக் கொண்டு வைத்த பெயர், குழாய் போன பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கெனனின் சென்சரோ ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீற்றர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பரப்பளவில் சோனியினுடையது நான்கு மடங்கு பெரியது. மழை பெய்யும்போது முற்றத்தில் அகன்ற பாத்திரத்தையும் ஒரு கோப்பையையும் வைத்தால் எதில் கூடுதலாகத் தண்ணீர் சேரும் என்பதுதான் இங்கும் கணக்கு.

அடுத்தது லென்ஸ். பழைய 35 மில்லிமீற்றர் பிலிம் கமராவின் அளவில் சொன்னால், சோனியின் லென்ஸ் 24 முதல் 70 மில்லிமீற்றர் வரை மட்டுமே போகிறது. ஆனால் அதன் துளை எஃப் 1.8 வரை திறக்கும், சற்றே சூம் செய்ததும் குறையத் தொடங்கி எஃப் 2.8இல் நின்றுவிடும். கெனனின் லென்ஸ் 24இலிருந்து 960 மில்லிமீற்றர் வரை நீளும், அதாவது 40 மடங்கு சூம். துளையோ எஃப் 3.3இல் தொடங்கி 6.9 வரை சுருங்கிப் போகிறது. இந்த எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும் என்பதைத் தெரிந்துகொண்டால், இரண்டு கமராக்களின் குணமும் பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதி எனக்கு விளங்கியது சின்னம்மாவின் தொங்கல் காம்பராவில், அதாவது லயத்தின் கடைசி அறையில். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான பழைய லயங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வெளிச்சத்தை விவரிக்கத் தேவையில்லை. தகரக் கூரை, புகையேறிக் கறுத்த சுவர், ஒரேயொரு சிறிய யன்னல், இஸ்தோப்பு (முன்திண்ணை) பக்கம் திறந்திருக்கும் கதவு; பகல் பதினொரு மணிக்கும் அடுப்படி அந்திபோல்தான் இருக்கும். சின்னம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். “தம்பி, பல்பைப் போடவா? இங்க பகல்லயும் இருட்டுத்தான்” என்றார். வேண்டாமென்று சொல்லிவிட்டு, கதவு வழியாக வந்த வெளிச்சம் அவர் கன்னத்தில் விழும்படி நின்று, சோனியில் எஃப் 1.8, ஒரு செக்கனில் முப்பதில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்திறன் 800 என்று வைத்து எடுத்தேன். மாவு படிந்த விரல்கள், அடுப்புப் புகை, பின்சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தின் கண்ணாடி விளிம்பு எல்லாம் வந்தன. அதே இடத்தில் நின்று கெனனை எடுத்தபோது, எஃப் 3.3 என்பதால் மூன்று மடங்குக்கும் மேல் ஐஎஸ்ஓவைக் கூட்ட வேண்டியிருந்தது. அந்தக் கமராவின் உச்ச வரம்பே 3200. ஏறக்குறைய அந்த வரம்பில் போய் நின்றது. கைத்தொலைபேசித் திரையளவில் பார்த்தால் குறை தெரியாது. பெரிதாக்கிப் பார்த்தபோது, இரைச்சலை (ஐஎஸ்ஓ கூடும்போது படத்தில் தெரியும் புள்ளிகளை) நீக்குகிறேன் என்று கமராவே சின்னம்மாவின் முகச் சுருக்கங்களை வழித்தெடுத்திருந்தது. நாற்பது ஆண்டு கொழுந்தெடுத்தவரின் முகத்தை இப்படி மெழுகிக் காட்டும் உரிமையை நான் எந்தக் கமராவுக்கும் கொடுக்க மாட்டேன்.

மாசி மாதத்துக் காமன் கூத்திலும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. கூத்து இரவில் நடக்கிறது. வெளிச்சம் என்பது கம்பத்தில் கட்டிய ஓரிரு மின்குமிழ்கள். ரதியும் மன்மதனும் ஓரிடத்தில் நிற்பவர்கள் அல்லர். தப்புப் பறை அடிப்பவரின் கை அவர்களைவிட வேகமானது. ஐஎஸ்ஓ 3200இல் கெனன் நாற்பதில் ஒரு செக்கன் கேட்ட இடத்தில், சோனிக்கு நூற்றிருபத்தைந்தில் ஒரு செக்கன் கிடைத்தது. நாற்பதில் ஒன்றில் ஆட்டக்காரர் புகை மண்டலமாகிவிடுவார். நூற்றிருபத்தைந்தில் கால் சலங்கையை எண்ணலாம், கை மட்டும் கொஞ்சம் கலங்கும். அந்தக் கலக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. தப்பின் ஓசை அதில்தான் இருக்கிறது. கெனனை அன்றிரவு வீடியோவுக்கு வைத்துக்கொண்டேன். அது 4கேயில் பதியும், சோனியில் அந்த வசதி இல்லை. ஆனால் வெளிச்சமில்லாத இடத்தில் 4கே என்பது பெரிய திரையில் பெரிய இரைச்சல் மட்டுமே.

மலையகத்தில் படம் எடுப்பவருக்கு இருட்டைவிடப் பெரிய ஆசிரியர் மூடுபனி. கமராவின் வெளிச்ச அளவி, வெண்மையாய்த் தெரியும் எதையும் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஆகவே பனி மூடிய தேயிலை மலையை அப்படியே எடுத்தால் அது அழுக்குத் துணிபோல் வந்து விழும். இரண்டு கமராக்களிலும் வெளிச்சத்தை முக்கால் அல்லது ஒரு படி கூட்டி வைப்பது என் வழக்கம். அதன் பின் வித்தியாசம் தொடங்குகிறது. பனிப் படத்தில் இருப்பதெல்லாம் வெள்ளைக்கும் சாம்பலுக்கும் இடையிலான நுண்ணிய படிகள்தாம். சோனி அவற்றை ரோ கோப்பாகவும், அதாவது கமரா திருத்தாத மூலத் தரவாகவும், சேமிப்பதால், வீட்டுக்கு வந்து கணினியில் அந்தப் படிகளை மெல்லப் பிரித்தெடுக்கலாம், சவுக்கு மர வரிசையொன்று பனிக்குள்ளிருந்து எழுந்துவரும். கெனனில் ரோ இல்லை. கமரா தீர்மானித்துத் தரும் ஜேபெக் மட்டுமே. தவிரவும், மாறுபாட்டைக் கொண்டே இரண்டும் குவியம் பிடிப்பதால், பனிக்குள் இரண்டும் தடுமாறும். சூமை நீட்டிய கெனன் கூடுதலாகத் தடுமாறும். பனிக்கு நடுவே ஒரு கம்பத்தையோ கூரை விளிம்பையோ தேடிப் பிடித்துக் குவியத்தைப் பூட்டிவிட்டுப் படச் சட்டத்தைத் திருப்புவதே வழி.

இதுவரை வாசித்தவர்கள் கெனனை விற்றுவிடலாமே என்று நினைக்கக்கூடும். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு ஒரு மாரிகாலக் காலையில் வந்து பாருங்கள். பூங்காவின் ஊடாக ஓடும் ஓடையருகில், இந்தியாவிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். பத்துப் பதினைந்து மீற்றருக்கு மேல் நெருங்கினால் புதருக்குள் மறைந்துவிடும். சோனியின் 70 மில்லிமீற்றரில் அது ஒரு நிறப் புள்ளி. “வெட்டிப் பெரிதாக்கினால் போகிறது” என்பவர்களுக்கு ஒரு கணக்கு: 960 மில்லிமீற்றர் காட்டும் சட்டத்தை 70 மில்லிமீற்றர் படத்திலிருந்து வெட்டி எடுத்தால், 20 மெகாபிக்சலில் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு இலட்சம் பிக்சல்கள், அதாவது ஒரு மெகாபிக்சலில் பத்தில் ஒரு பங்கு. தபால் தலைக்குக்கூடக் காணாது. சின்ன சென்சர், சின்னத் துளை என்று நான் குறை சொன்ன அதே கெனனில், அந்தக் குருவியின் கண்ணைச் சுற்றிய கரும்பட்டையும் வயிற்றின் சிவப்பும் இறகு இறகாக வந்தன. காரணம் எளிது. எஃப் 6.9 என்பது சிறியதாகத் தோன்றினாலும், 172 மில்லிமீற்றர் உண்மைக் குவியத் தூரத்தில் (960 என்பது பிலிம் கமரா அளவில் சொல்வது) அதன் துளை 25 மில்லிமீற்றர் விட்டமுடையது; சோனியின் நீண்ட முனையில் துளை 9 மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். தூரத்துக் குருவியிலிருந்து வரும் ஒளியைக் கூடுதலாகச் சேகரிப்பது கெனன்தான். சென்சர் அளவை வேதவாக்காகக் கொண்டிருந்த எனக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாள் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

ஹோட்டன் சமவெளியின் மரைகளுக்கும், தோட்டத்து ஓரக் காட்டில் தாவும் கருமந்திக்கும், மஞ்சள் காதுக் கொண்டைக்குருவிக்கும் இதே தீர்ப்புத்தான். ஆனால் 960 மில்லிமீற்றரைக் கையில் பிடிப்பது பழக வேண்டிய வித்தை. கெனனில் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூபைண்டர் இல்லை. கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுக்க வேண்டும், வெயில் ஏறினால் திரையில் நம் முகம்தான் தெரியும். முகத்தோடு அழுத்திப் பிடித்து எடுக்கும் வசதி எந்தக் கமராவுக்குத் தேவையோ அதில் அது இல்லை, தேவை குறைந்த சோனியில் மேலெழும் வ்யூபைண்டர் இருக்கிறது. ஆறுதலுக்கு, கெனனின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு: குருவி சட்டத்தை விட்டுப் போனதும் அதை அழுத்தினால் சூம் பின்வாங்கி அகலமாய்க் காட்டும், விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பும். அது இல்லையென்றால் நான் பாதிப் பறவைகளைத் தவறவிட்டிருப்பேன். காலை ஆறரை மணிக்கு முன்னும் பனி வேளையிலும் எந்தப் பொத்தானும் உதவாது. போயா நிலாவுக்கும் கெனனே. 960இல் முழுநிலா சட்டத்தின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கும் சற்று மேலாக நிற்கும். ஐஎஸ்ஓ 100, இருநூற்றைம்பதில் ஒரு செக்கன் போதும், முக்காலிகூட வேண்டாம்.

அந்தத் தூரத்தை மனிதர்கள்மீது பாவித்த ஒரு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதிர்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களைப் பாதையோரம் நின்று கெனனின் முழுச் சூமில் எடுத்தேன். நீண்ட லென்ஸ் மலைச்சரிவை நெருக்கி, தேயிலை வரிசைகளை அடுக்கிவைத்த பாய்போலக் காட்டியது. படம் அழகாகத்தான் இருந்தது. மத்தியானம் நிறுவை நேரத்தில் அவர்களிடம் காட்டியபோது ஒரு அக்கா சிரித்தார்: “சேர், அங்கயிருந்து எடுத்தா நாங்க தலைய சொறியிறதுதான் விழும். கிட்ட வந்து எடுங்க.” சுற்றுலா வாகனங்களிலிருந்து இறங்கிப் படமெடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நான் எத்தனை முறை முணுமுணுத்திருக்கிறேன்! அன்றைய படங்களில் நானும் ஒரு வாகனத்திலிருந்து இறங்கியவன்போலவே தெரிந்தேன். மறுவாரம் சோனியோடு மலைக்குள் ஏறினேன். 70 மில்லிமீற்றரில் முகம் வேண்டுமென்றால் இரண்டு மீற்றருக்குள் நிற்க வேண்டும். இரண்டு மீற்றரில் நின்றுகொண்டு பேசாமல் இருக்க முடியாது. அட்டை கடித்ததுதான் செலவு.

சில்லறை விடயங்கள் சில. சோனிக்குள் ஒளியை எட்டிலொரு பங்காகக் குறைக்கும் வடிகட்டி இருப்பதால், முகிலடைந்த பகலிலும் ஐந்திலொரு செக்கன் திறந்துவைத்து அருவியைப் பட்டுத்துணிபோல் எடுக்கலாம். தை மாதத்து உறைபனி படிந்த தேயிலைத் தளிரை நெருங்கி எடுக்கையில், கெனன் ஒரு சென்ரிமீற்றர் வரை போகும், சோனி ஐந்து சென்ரிமீற்றரில் நின்றுவிடும். ஆயினும் ஒரு சென்ரிமீற்றரில் லென்ஸின் நிழலே தளிர்மேல் விழுவதால் அந்த எண் காகிதத்தில் உள்ள அளவுக்குப் பயன்படுவதில்லை. அந்தக் குளிரில் இரண்டு பற்றரிகளும் வழமையைவிடச் சீக்கிரம் இறங்கும். மேலதிகப் பற்றரியைச் சட்டைப் பைக்குள், உடம்போடு ஒட்டி வைத்திருப்பேன்.

இரண்டுக்கும் பொதுவான எதிரி ஈரம். எதுவும் மழை காக்கும் வகையைச் சேர்ந்ததல்ல. லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே மடங்கும்போது ஈரக்காற்றும் தூசும் கூடவே உள்ளே போகும். முதல் ஆண்டில் சோனியைத் தோல் பையிலேயே மாதக்கணக்காக வைத்திருந்து, லென்ஸின் உட்புறத்தில் சிலந்தி நூல்போல் பூஞ்சணம் படர விட்டேன். அதைச் சுத்தம் செய்யக் கொடுத்த கடையில் இரண்டு மாதம் வைத்திருந்து, ஒரு திருகாணி குறைவாகத் திருப்பித் தந்தார்கள். அதன் பிறகு இரண்டையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். பொட்டலங்களை மாதமொரு முறை மிதமான சூட்டில் உலர்த்தி எடுக்கிறேன். குளிரிலிருந்து கீழ்நாட்டு வெக்கைக்கு இறங்கும்போது, கமராவைப் பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டி, அது அங்குள்ள சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் வைத்திருந்தால் லென்ஸ் வியர்க்காது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர், பறவைகளுக்காகவே விடியலில் எழும்புகிறவராக இருந்தால் கெனனை வாங்கட்டும். மனம் வருந்த மாட்டார். வீடு, கோயில், திருவிழா, பனி, மனித முகம் என்று எடுப்பவருக்கு கெனனைவிட நான்கு ஆண்டு பழைய சோனியையே சொல்வேன், பாவித்ததாக இருந்தாலும் சரி, லென்ஸை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு. மார்கழிப் போயாவோடு சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் தொடங்குகிறது. இரவெல்லாம் படியேறும் கூட்டத்தையும் தேநீர்க் கடை வெளிச்சத்தையும் எடுக்க நான் சோனியைக் கொண்டுபோகிறேன். கெனனை மச்சானின் மகன் இப்போதே இரவல் கேட்டுவிட்டான். உச்சிக்குப் போனதும் விடியலில் மேற்கே விழும் முக்கோண நிழலை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் நிலாவைத்தான் எடுப்பான்.