தூணக்கடவு போகும் காட்டுச் சாலை

தூணக்கடவு ஏரி உள்ள பரம்பிக்குளம் வனப்பகுதி கேரளாவில் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுப் பக்கம்தான் வழி. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் தாண்டிச் சேத்துமடை. அங்கே வனத்துறைச் சோதனைச் சாவடியோடு தென்னந்தோப்புகள் முடிந்துவிடும். அதற்கப்புறம் பரம்பிக்குளம் வரை சுமார் 35 கிலோமீட்டர் காடுதான்.

ஒடுக்கமான சாலை. எதிரே பேருந்து வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். மலையேறினால் டாப்சிலிப். புல்வெளியில் புள்ளிமான்கள் வெகு சாதாரணமாக மேய்ந்துகொண்டிருந்தன. வெட்டித் தீர்த்த தேக்குக் காட்டை மறுபடி வளர்த்தெடுத்த வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. அவர் இறந்தது 1933-ல். இந்தச் சாலையின் நிழலில் அவர் பங்கும் உண்டு.

சிறிது தூரத்தில் ஆனப்பாடி, கேரள வனத்துறையின் சாவடி. அங்கே வழிகாட்டியாக ஏறிக்கொண்டவர் மலசர் இனத்துப் பெரியவர். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். எனக்கு மூங்கில் புதர் மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகு நான்கு வெள்ளைக் கால்கள் தெரிந்தன. முழங்கால் வரை காலுறை போட்டது போல வெள்ளை, அதற்கு மேலே மினுமினுக்கும் கறுப்பு உடம்பு. காட்டுமாடு! மூச்சுவிடுகிற சத்தம் கூடக் கேட்டது. அது சாலையைக் கடக்கும் வரை யாரும் வாய் திறக்கவில்லை.

கன்னிமாரா தேக்கு என்ற பழம்பெரும் தேக்கு மரமும் இந்தப் பக்கம்தான். ஆறு மீட்டருக்கு மேல் சுற்றளவு, ஐந்து பேராவது கைகோர்க்க வேண்டும். அவசியம் பாருங்கள்.

தூணக்கடவில் ஏரிக்கரை மரவீட்டில் தங்கினோம். காலையில் நீர் வற்றிய கரைச் சேற்றில் மான் குளம்புத் தடங்கள், அவற்றின் மேலேயே பெரிய யானைத் தடம், அதில் தேங்கிய நீர். ஆனால் என்னை அதிகம் கட்டிப்போட்டது அந்த ஏரித் தண்ணீர்தான். எங்கள் ஊர் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) ஆயக்கட்டு. நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். எங்கள் முறை எப்போது வரும் என்று வாய்க்கால் கரையில் நின்று பேசிக்கொண்டே வளர்ந்தவன் நான். அந்தத் தண்ணீர் புறப்படுகிற இடம் இது. பரம்பிக்குளம் அணையிலிருந்து சுரங்கம் வழியாகத் தூணக்கடவுக்கு வந்து, இங்கிருந்து மலைக்குள்ளேயே இறங்கிச் சர்க்கார்பதியில் மின்சாரம் எடுத்த பிறகு, காண்டூர் கால்வாயில் திருமூர்த்தி அணைக்குப் போகிறது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் ஆற்றோடு போனபோது எங்கள் ஊரில் எத்தனை பேர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? இந்தக் கரையில் நின்றபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

சுற்றுலா வருகிறவர்கள் பாதிப்பேர் மான், மயில் பார்த்துவிட்டு மதியமே திரும்பிவிடுகிறார்கள். முடிந்தால் ஓர் இரவாவது தங்குங்கள். அறைக்குக் கேரள வனத்துறையிடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இருசக்கர வாகனத்துக்கு அனுமதியில்லை. பாசனக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.