வார்சா காப்பகங்களில் ஒரு தூதரைத் தேடியபோது

வார்சாவில் முதுகலை வரலாறு படித்தபோது ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது யூலியுஷ் காட்ஸ்-சுஹியின் பணிவாழ்க்கை. 1957 முதல் 1962 வரை டெல்லியில் போலந்தின் தூதராக இருந்தவர். அதற்கு முன் ஐ.நா.வில் தன் நாட்டுக்காகப் பேசியவர். 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் மனித உரிமைப் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தது. 48 நாடுகள் ஆதரித்தன, போலந்து உட்பட 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அன்று போலந்தின் சார்பில் அவையில் பேசியவர் இவர்தான்.

போலந்துக் காப்பகங்களுக்குப் போக நினைக்கும் நம் மாணவர்கள் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. போருக்கு முந்தைய வெளியுறவு அமைச்சகக் காகிதங்கள் ஹான்கியேவிச்சா தெருவில் உள்ள அரசுக் காப்பகத்தில் இருக்கின்றன. 1945-க்குப் பிந்தையவை அமைச்சகத்தின் சொந்தக் காப்பகத்தில். கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுக் காகிதங்களுக்கு மறுபடியும் ஹான்கியேவிச்சா தெருவுக்கே போக வேண்டும். அன்றைக்கு ஒருவரைத் தூதராக அனுப்பக் கட்சியின் சம்மதமும் வேண்டும் என்பதால் அவற்றைப் பார்க்காமல் விட முடியாது. ரகசியப் போலீஸ் கோப்புகள் தேசிய நினைவு நிறுவனத்தில். அங்கே ஆய்வுக்காகக் கேட்பவர்கள் மனுவோடு நெறியாளரின் பரிந்துரையையும் கொடுக்க வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும், அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மனுவைப் போட்டுவிடுங்கள்.

அரசுக் காப்பகத்தில் நுழைவது எளிது. ஒரு படிவம் நிரப்பினால் போதும், கட்டணம் இல்லை. வெளிநாட்டவர் என்று யாரும் தயங்குவதில்லை. பென்சில்தான் அனுமதி. சொந்தக் கேமராவில் இலவசமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கோப்புடனும் ஒரு தாள் இருக்கும். அதை இதுவரை பார்த்தவர்கள் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்திட்டிருப்பார்கள், நாமும் எழுத வேண்டும். நான் கோப்பைத் திறந்ததும் முதலில் படிப்பது அந்தத் தாளைத்தான். நமக்கு முன் யார் இந்த வழியாகப் போயிருக்கிறார்கள் என்று தெரியும், அவர்கள் எழுதியதைத் தேடிப் படிக்கலாம்.

அந்தக் கால ஊழியர் கோப்புகளைப் படிக்கப் பொறுமை வேண்டும். கையால் எழுதிய தன்வரலாறு இருக்கும். பெற்றோர் யார், எந்த வர்க்கம், எந்தக் கட்சியில் இருந்தீர்கள், வெளிநாட்டில் உறவினர் உண்டா என்று கேட்கும் கேள்விப் படிவம் இருக்கும். பழைய போலிஷ் கையெழுத்து எனக்குப் பிடிபடவே வெகுநாள் ஆனது. வாசிப்பு அறையில் பக்கத்து மேசைக்காரரிடம் தயங்காமல் கேட்டுவிடுவேன், ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை.

டெல்லிக் காலத்தைத் தேடுபவர்கள் இந்தியா என்று பெயரிட்ட கோப்புகளோடு நின்றுவிடக் கூடாது. 1954 ஜெனீவா உடன்படிக்கைக்குப் பிறகு வியட்நாமைக் கண்காணித்த ஆணையத்தில் இந்தியா தலைமை, போலந்தும் கனடாவும் உறுப்பினர்கள். அதனால் டெல்லி தூதரகத்தில் வியட்நாம் வேலையும் சேர்ந்தே நடந்தது. இந்தோசீனா கோப்புகளையும் கேட்டு வாங்கிய பிறகுதான் வார்சா ஏன் டெல்லியை அவ்வளவு முக்கியமாக நினைத்தது என்பது எனக்குப் புரிந்தது. ஐ.நா. உரைகளுக்கு எங்கும் அலைய வேண்டாம், கூட்டப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

என்னை உலுக்கியது 1968. அந்த மார்ச் மாதம் தொடங்கிய யூத எதிர்ப்புப் பிரச்சாரத்தில், வார்சா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த காட்ஸ்-சுஹியும் வெளியேற்றப்பட்டார். அப்போது நாட்டை விட்டுப் போன யூதர்கள் கையில் கொடுக்கப்பட்டது பாஸ்போர்ட் அல்ல, ஒரு பயண ஆவணம். இதை வைத்திருப்பவர் போலந்துக் குடிமகன் அல்ல என்று அதில் எழுதியிருக்கும். பல பேர் ரயில் ஏறிய வார்சாவின் கதான்ஸ்கா நிலையத்தில் இன்று ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பல வருடங்கள் ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி உலக அவைகளில் பேசிய மனிதர் டென்மார்க் போய், ஓர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, 1971-இல் இறந்துபோனார். அவருடைய அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை. ஐ.நா.வில் அவர் ஸ்டாலின் காலத்து அரசுக்காக வாதாடியவர், அதை ஏட்டில் ஒளிக்காமல் எழுதினேன். ஆனால் அவருக்கு நடந்தது அநியாயம், அதையும் அதே அழுத்தத்தோடு எழுதினேன்.

அப்புறம் சமர்ப்பிப்பு. ஏட்டை மின்வழியில் ஏற்றியதும், போலந்து முழுக்கக் கட்டாயமான திருட்டெழுத்துச் சோதனைக்கு அது போகும். மேற்கோள்கள் நிறைய இருந்தால் சதவீதம் ஏறும், நெறியாளர் பார்த்துத் தீர்மானிப்பார். வாய்மொழித் தேர்வில் தலைவர், நெறியாளர், மதிப்பீட்டாளர் மூவரும் இருந்தார்கள். மதிப்பீட்டாளர் கேட்டது ஒரே கேள்விதான்: டென்மார்க் ஆண்டுகளுக்கு ஏன் இவ்வளவு குறைவான பக்கங்கள்? வார்சாவில் அந்த ஆண்டுகளுக்கு எனக்குக் காகிதம் கிடைக்கவில்லை, ஓர்ஹுஸுக்குப் போய்த்தான் தேட வேண்டும் என்றேன். சரி, முனைவர் பட்டத்துக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.