நாகைக் காரோணத்தானுக்கு வந்த சீனப் பொன்

நாகப்பட்டினம் என்றால் நம்மில் பலருக்குப் பேருந்து நின்று கிளம்பும் இடம், அவ்வளவுதான். தெற்கே வேளாங்கண்ணி, வடக்கே நாகூர். இரண்டுக்கும் நடுவில் டீ குடிக்க இறங்குவோம், பிறகு ஏறிவிடுவோம். இந்தக் காலாண்டு விடுமுறைக்கு நாங்கள் நாகையிலேயே அறை எடுத்துத் தங்கினோம். அம்மாவுக்குத் தியாகராஜர் கோயில் கொண்ட சப்தவிடங்கத் தலங்கள் ஏழையும் தரிசித்து முடிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அதில் நாகை மட்டும் பாக்கி. பையனுக்குக் கடல் வேண்டும். எனக்கோ, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடாரத்துக்கும் சீனத்துக்கும் கப்பல் போய்வந்த சோழர் துறைமுகத்தில் ஒரு நாளாவது காலாற நடக்க வேண்டும் என்று ஆசை. மூன்று பேருக்கும் மூன்று காரணம் இருந்தாலும், முதலில் போய் நின்றது நாகைச் சிவன் கோயிலில், காயாரோகணசுவாமி சந்நிதியில்தான்.

அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். தேவாரத்தில் 'கடல்நாகைக் காரோணம்' என்றே வரும். புண்டரீக முனிவரை இறைவன் உடலோடு தன்னுள் சேர்த்துக்கொண்டார் என்பது தலபுராணம். காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட்டதால் கூட்டமே இல்லை. தீபாராதனை ஆகும்வரை நிதானமாக நிற்க முடிந்தது. பெரிய கோயில்களில் "நகருங்க, நகருங்க" என்ற சத்தத்துக்கு நடுவே கும்பிட்டுப் பழகிய எனக்கு அந்த நிதானமே பாதிப் பிரசாதம்.

தியாகராஜருக்கு இங்கே சுந்தர விடங்கர் என்று பெயர். ஏழு விடங்கத் தலங்களிலும் தியாகேசருக்கு ஆளுக்கொரு ஆட்டம் உண்டு. திருவாரூரில் அஜபா நடனம், திருநள்ளாற்றில் உன்மத்த நடனம். நாகையில் பாராவாரதரங்க நடனம், அதாவது கடலலை எழுந்து விழுவதுபோல ஆடுவது. திருவாரூரில் மூச்சின் ஏற்ற இறக்கத்தைப் பிடித்து ஆடுகிற அதே சுவாமி, இங்கே வந்ததும் அலையின் கதிக்கு மாறிவிடுகிறார். கடற்கரை ஊருக்கு வந்தால் அதற்கேற்ற மாதிரி ஆடத்தானே வேண்டும் என்று அம்மா சொன்னதை, அர்ச்சனைத் தட்டோடு நின்ற குருக்கள் மிகவும் ரசித்தார்.

சுந்தரர் இந்த ஊருக்கு வந்து பாடிய பதிகத்தை நான் எத்தனை முறை படித்தாலும் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். எல்லோரும் வீடுபேறு கேட்கிற இடத்தில் அவர் ஒரு பட்டியலே போடுகிறார். முத்தாரம் வேண்டும், வயிரம் வேண்டும், கஸ்தூரி வேண்டும், சாந்து வேண்டும், காற்றுப்போல ஓடும் குதிரை வேண்டும். தம்பிரான் தோழர் அல்லவா, உரிமையோடு கேட்கிறார். சந்நிதியில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. இந்தப் பட்டியலை அவர் ஏதோ ஒரு மலையூரில் வைத்துப் பாடவில்லை. முத்தும் கஸ்தூரியும் குதிரையும் கப்பலில் வந்து இறங்கும் துறைமுகத்தில் வைத்துப் பாடுகிறார். உன் வாசலில்தானே எல்லாம் வந்து இறங்குகிறது, எனக்கும் கொஞ்சம் எடுத்துக் கொடேன் என்று கேட்பது போலத்தான் இருக்கிறது.

இந்த சுவாமி கொடுத்தவர் மட்டும் இல்லை, வாங்கியவரும்கூட. முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள் இந்தக் கோயிலில் இருக்கின்றன. ஸ்ரீவிஜயத்து அரசனின், அதாவது இன்றைய சுமத்ரா, மலேயா பக்கத்தை ஆண்ட கடாரத்தரையனின், ஆட்கள் இந்தக் கோயிலுக்குக் கொடுத்த நகைகளும் விளக்குகளும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. வெள்ளியில் செய்த 'நாகையழகர்' திருமேனிக்கு ஆபரணம் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த பொன்னைச் 'சீனக் கனகம்' என்றே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதே அரச குடும்பம் இதே ஊரில் புத்தருக்கு ஒரு பெரிய விகாரமும் எழுப்பியிருந்தது. புத்தருக்கு வீடு கட்டினாலும் ஊர்த் தெய்வத்தை மறக்காமல் நகை அனுப்பியிருக்கிறார்கள். வியாபாரத் தந்திரம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லலாம், சொல்லட்டும். துறைமுகத்தில் இறங்கினவன் முதலில் அந்த ஊர்ச் சாமியைக் கும்பிடுவான் என்பது எனக்கு அதைவிட இயல்பாகப் படுகிறது. வருத்தம் என்னவென்றால், இவ்வளவு கொடுத்த கடாரத்தின் மேல்தான் 1025 வாக்கில் ராஜேந்திரனின் கப்பற்படை பாய்ந்தது.

நீலாயதாட்சி அம்மனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேவார மரபில் கருந்தடங்கண்ணி. காஞ்சி காமாட்சி, மதுரை மீனாட்சி, காசி விசாலாட்சி என்று பாட்டிமார் அடுக்கும் வரிசையில் நாகை நீலாயதாட்சிக்கும் இடம் உண்டு. ஆடிப்பூரம் இங்கே பெரிய விழா. முத்துசுவாமி தீட்சிதர் இவளை நீலாம்பரியில் பாடியிருக்கிறார். பெரிய கண்ணுடையவளைக் கண்ணை மூடவைக்கும் தாலாட்டு ராகத்தில் பாடிய குறும்பை என்னவென்று சொல்ல! அம்மன் எதிரே இருக்கும் நந்தியை அவசியம் பாருங்கள். கழுத்தைத் திருப்பி, ஒரு கண்ணால் அம்பாளையும் மறு கண்ணால் சுவாமியையும் பார்க்கிறதாகச் சொல்வார்கள். பையன் அதன் முன் உட்கார்ந்து, தானும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்று தலை சுற்றிப் போனான்.

பிராகாரத்தில் அழுகணிச் சித்தர் சமாதி இருக்கிறது. அங்கே கொஞ்சம் உட்கார்ந்தோம். அப்புறம் அதிபத்தர்.

நாகைக்கு வந்துவிட்டு அதிபத்த நாயனாரைக் கும்பிடாமல் போவது அநியாயம். 63 நாயன்மார்களில் இவர் இந்த ஊர்க்காரர். கடலோரத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவர். வலையில் எத்தனை மீன் விழுந்தாலும் முதல் மீன் சிவனுக்கு என்று கடலிலேயே விட்டுவிடுவார். அப்புறம் ஒரு காலம் வந்தது. நாளெல்லாம் வலை வீசினாலும் ஒரே மீன்தான். அந்த ஒன்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு கரையேறுவார். செல்வம் கரைந்தது, சுற்றம் பசித்தது, அவர் உடம்பும் வாடியது. அப்படி ஒரு நாளில், வலையில் பொன்னும் மணியும் இழைத்த மீன் ஒன்று வந்தது. அன்றைக்கும் அது ஒன்றுதான். கூட இருந்தவர்கள் வியந்து நிற்க, அதையும் கடலில் விட்டார்.

இந்தக் கதையைப் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அந்த மீன் எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டான்.

"எடை போட்டுப் பார்த்திருந்தா விட்டிருக்க மாட்டார்டா" என்றார் அம்மா.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் அம்மா பேச்சுக் கொடுத்தார். அதிபத்தர் பெயரைச் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. "அவரு எங்க ஆளும்மா. போன மாசமே வந்திருக்கக் கூடாதா?" என்றார். ஆவணி ஆயில்யத்தில் அதிபத்தர் விழா. நாயனாரைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய், தங்க மீனை வலையில் பிடித்த பாவனையில் மறுபடி கடலில் விடுவார்களாம். கரையில் சுவாமியும் அம்பாளும் வந்து காட்சி கொடுப்பார்களாம். மீனவக் குடும்பங்கள் தட்டுத்தட்டாகச் சீர் எடுத்துவரும். "அன்னைக்கு மட்டும் சாமி எங்களைத் தேடி வரும்மா" என்று அவர் சொன்னதை அம்மா அன்றிரவு வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த அக்காவிடம் 2004 சுனாமியைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. அவரே சொன்னார். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். தமிழ்நாட்டில் இவ்வளவு பெரிய சாவு வேறெந்த மாவட்டத்திலும் இல்லை. அவர் வீட்டில் இரண்டு பேர். "அதுக்கப்புறமும் முதல் மீன் சாமிக்குத்தாங்களா?" என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "ரெண்டு வருஷம் நான் கோயில் பக்கமே போகலைம்மா. அப்புறம் போனேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன். இப்பவும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சுந்தரர் உரிமையோடு சண்டை பிடித்த சந்நிதியில் இந்த அக்காவுக்கும் அந்த உரிமை உண்டு என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை சௌந்தரராஜப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் தன்னை ஒரு பெண்ணாகப் பாவித்து, பெருமாளின் அழகைக் கண்டு "அச்சோ ஒருவர் அழகியவா" என்று ஒவ்வொரு பாட்டிலும் வாய்விட்டு வியக்கிறார். வாளும் வேலும் பிடித்த இந்த ஆழ்வாரை இப்படி உருகவைத்த அழகு! மூலவர் நெடிது நிற்கும் திருக்கோலத்தின் எதிரே நின்றால் அந்த 'அச்சோ' நமக்கும் தானாக வரும். இங்கே எட்டுக் கை நரசிம்மரின் உலோகத் திருமேனி ஒன்று உண்டு. கேட்டால் காட்டுவார்கள், கேட்டுப் பாருங்கள். மடியில் இரணியன் கிழிபடுகிறான். அதே நேரத்தில் ஒரு கை மட்டும் பிரகலாதன் தலைமேல் இருக்கிறது. மற்றக் கைகளின் வேகம் அந்தக் கைக்கு இல்லை. நான் பார்த்த நரசிம்மர்களில் இவரைத்தான் மறக்க முடியாது.

இதே ஆழ்வாரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. நாகையில் இருந்த பொன் புத்தரைக் கவர்ந்துபோய், திருவரங்கத்து மதில் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. பக்தர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் உறுத்தும். அதை அங்கேயே அம்மாவிடம் சொன்னேன். "திருவாய்மொழி மட்டும் கேளு, வம்பு பேசாதே" என்று பதில் வந்தது. திருவாய்மொழி நம்மாழ்வாருடையது, இங்கே பாடினது திருமங்கையாழ்வார் என்று திருத்தப் போய் இன்னும் கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தப் புத்தரைத் தேடியும் போனோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவிஜயத்து அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரில் எழுப்பிய சூடாமணி விகாரம் நாகையில்தான் இருந்தது. ராஜராஜ சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்குக் கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடுகள் டச்சுக்காரர்கள் கையில் சிக்கி நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சிவனுக்குத் தஞ்சையில் விமானம் எழுப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ராஜராஜன் புத்தருக்கு ஊர் எழுதிவைத்திருக்கிறான். 15-ஆம் நூற்றாண்டில்கூட, கப்பல் உடைந்து கரையேறிய பர்மா தேசத்துப் பிக்குகள் நாகைக்கு வந்து புத்தரை வணங்கிப் போனதை பர்மாவின் கல்யாணிக் கல்வெட்டு சொல்கிறது. நம்மைப்போல அவர்களும் யாத்திரைக்காரர்கள்தான், நனைந்துபோன யாத்திரைக்காரர்கள்.

விகாரத்தில் மிச்சமிருந்த செங்கல் கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். இன்றைக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. நாகையில் மண்ணுக்குள்ளிருந்து 1856 தொடங்கி கிடைத்த வெண்கலப் புத்தர்கள் சுமார் 350. அவற்றில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அரையாண்டு விடுமுறையில் அங்கே கூட்டிப்போகிறேன் என்று சொன்னதும், "அங்கே ஒரு பூவாவது வைக்க விடுவாங்களா?" என்று அம்மா கேட்டார். விடமாட்டார்கள் என்றேன். "அப்ப அவரைப் பார்க்க மட்டும்தான் முடியும்" என்றார்.

சாயங்காலம் நாகூர். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது ஆண்டவர் தர்கா. ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி; அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். வாசல் கடைகளில் கை, கால், கண், வீடு என்று நேர்த்திக்கடனுக்கு வெள்ளித் தகடுகள் விற்கிறார்கள். அம்மா எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுப் படகுத் தகடு ஒன்றை எடுத்தார். நம் வீட்டில் யாரும் கடலுக்குப் போவதில்லையே என்றேன். "அந்த வலைக்காரப் பொண்ணு வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கடைக்காரர் எனக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே, அம்மா செருப்பைக் கழற்றாமல் போவதைச் சுட்டிக்காட்டினார். ஓடினேன்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. திருவாரூரிலிருந்து ரயிலும் பேருந்தும் உண்டு, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மதியம் கோயில்கள் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே காயாரோகணரைக் காலையிலேயே சேவித்துவிடுங்கள். வேளாங்கண்ணியில் செப்டம்பர் 8 திருவிழாவை ஒட்டிய நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம். முடிந்தால் ஆவணி ஆயில்யத்துக்கு வாருங்கள். நாங்கள் அடுத்த ஆண்டு அதற்குத்தான் வருகிறோம். தேதியைப் பார்த்துக் குறித்துவைக்கும் வேலை பையனுடையது.