ஃபார்ம் மாறுச்சு, கிராஃப் விழுந்துச்சு

குழந்தைங்க நிமோனியா டேட்டா பாக்குற வேலைல கொஞ்ச வருஷம் இருந்தேன். வார்டுலேருந்து வர்ற கேஸ் ஃபார்ம கம்ப்யூட்டர்ல ஏத்தணும், தப்பு பாக்கணும், மாசாமாசம் ரிப்போர்ட் போடணும். ஒரு மாசம் கிராஃப்ல சிவியர், அதாவது தீவிர நிமோனியா எண்ணிக்கையோட கோடு தடால்னு கீழ விழுந்துச்சு. எங்க மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல்லு, "நியூமோகாக்கல் தடுப்பூசி (நிமோனியா வராம இருக்கப் போடுறது) வேலை செய்யுது பாத்தீங்களா"ன்னார். எனக்கு வயித்துல புளியக் கரைச்சுச்சு, ஏன்னா அதே மாசம்தான் புது ஃபார்முக்கு மாறியிருந்தோம்.

பழைய உலக சுகாதார நிறுவன கணக்குல மூச்சு வேகமா இருந்தா நிமோனியா, மூச்சு இழுக்கும்போது நெஞ்சோட கீழ்ப்பகுதி உள்ள போனா சிவியர், பால் குடிக்க முடியல, வலிப்பு, சுயநினைவு இல்ல, உதடு நீலம்னா வெரி சிவியர். 2013-14 வாக்குல இத ரெண்டே வகையா சுருக்கிட்டாங்க, நெஞ்சு உள்ள போனாலும் இனிமே வெறும் நிமோனியாதான், பெரும்பாலும் வீட்லயே அமாக்ஸிசிலின்ங்கிற ஆன்டிபயாடிக் குடுத்துப் பாத்துக்கலாம், பால் குடிக்காதது, வலிப்பு மாதிரி ஆபத்து அறிகுறி இருந்தாதான் சிவியர். மாத்துனது தப்புன்னு சொல்லல, பாகிஸ்தான்ல ரெண்டாயிரத்துக்கு மேல குழந்தைங்கள வச்சுப் பண்ணி 2008ல வந்த ட்ரயல்லயே வீட்ல வச்சுக் குடுக்குற அமாக்ஸிசிலின் ஆஸ்பத்திரி ஊசிக்கு சளைச்சதில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா நேத்து வரைக்கும் சிவியர்ல இருந்த கூட்டத்துல பெரும்பகுதி ஒரே ராத்திரில பட்டியல விட்டுப் போயிடுச்சே, அத தடுப்பூசி கணக்குல எழுதிக்க முடியுமா?

சரி, பழைய ஃபார்மையெல்லாம் புது விதிப்படி திரும்பப் பிரிச்சிடலாம்னு உக்காந்தேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன். நெஞ்சு உள்ள போகுதுன்னு டிக் போட்டாலே அட்மிஷன், அதனால அதுக்குக் கீழ இருந்த "பால் குடிக்குதா" கட்டத்த பாதிப் பேரு நிரப்பவே இல்ல. அந்தக் காலி கட்டத்துக்கு என்ன அர்த்தம், நல்லா குடிக்குதா இல்ல யாருமே கேக்கலயா? எட்டு மாசக் குழந்தை ஒன்னு, மூச்சு நிமிஷத்துக்கு 62, கட்டம் காலி, சும்மா ஃபார்ம திருப்பிப் பாத்தா பின்னாடி பேனால "காலைலேருந்து பால் எடுக்கலன்னு அம்மா சொல்றாங்க". அன்னைலேருந்து ஒவ்வொரு ஃபார்மையும் திருப்பிப் பாக்க ஆரம்பிச்சேன், ரெண்டு வாரம் அதுலயே போச்சு.

இன்னொரு கூத்து. சும்மா கணக்குக்கு, 100 சிவியர் கேஸ்ல 5 சாவுன்னா 5 சதவீதம், புது விதில அதே வார்டுல 25 பேருதான் சிவியர்னு வச்சுக்கங்க, அதே 5 சாவு இப்ப 20 சதவீதம். முன்னாடி கைதட்டுன அதே மனுஷர் இப்ப "வார்டுல கவனிப்பு மோசமாயிடுச்சா"ன்னு கேட்டார். விரல்ல மாட்டிப் பாக்குற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வந்தப்புறம் அது வேற, ரத்தத்துல ஆக்ஸிஜன் 90 சதவீதத்துக்குக் கீழன்னா சிவியர், அதனால மெஷின் இருக்குற இடத்துல மட்டும் எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருந்துச்சு.

கடைசில ஒரே கிராஃப்ல பழைய விதிக்கு ஒரு கோடு, புது விதிக்கு ஒரு கோடு, காலி கட்டம் எத்தனைன்னு மூணாவதா ஒரு கோடு போட்டு அனுப்பினேன். மூணாவது கோடு எதுக்கு, ஸ்லைடு பாக்க அசிங்கமா இருக்குன்னு பதில் வந்துச்சு.